பழகும்வரை மெதுவாக

மேலப்பட்டி,
செக்கானூரணி வழி
10-11-1946

கொழுந்தியாள் சீனியம்மாளுக்கு உக்கிரபாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் இருளாயியும், மாமாவும் அத்தையும் நலம். நீ பட்டணத்துச் சாப்பாட்டில் இளைத்துப் போயிருப்பாய் என்று அத்தை தினமும் ஒரு தடவை சொல்கிறார்கள்.

உன்னை ரயிலேற்றிவிட வந்த அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். நாகமலைப் புதுக்கோட்டை ஏற்றத்தில் என் மோட்டார் சைக்கிள் மூச்சு முட்டி நின்றது. வண்டியின் பக்கவாட்டில் பூட்டிய பெட்டியில் நீயும் உன் டிரங்கும், எனக்குப் பின்னால் அத்தை. அவ்வளவுதான் பாரம். நீ ஒரு வார்த்தை பேசாமல் இறங்கித் தள்ளினாய். அதைப் பார்த்துவிட்டு ஊரில் எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். "மாப்ள வண்டி ஓட்டல, வண்டிய மேய்ச்சுக்கிட்டுப் போறாரு" என்கிறார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

உன் அக்காளுக்கு இது ஆறாம் மாதம். முன்னால் இரண்டு பிள்ளைகள் போனது உனக்குத் தெரியும். மூத்தது மாட்டு வண்டியில், நாகமலையைத் தாண்டுவதற்குள். அடுத்தது வீட்டில், மூச்சே விடாமல். இரண்டுக்கும் நான் ஊரில் இல்லை, பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம். வலி கண்டதும் அங்கே வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் இந்தத் தடவை தாய்க்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். முன்கூட்டியே வந்து படுக்க இடம் இல்லையாம்.

பதினெட்டு மைல். கரி போட்டு ஓடும் பஸ்ஸை நம்ப முடியாது. மாட்டு வண்டியை இனி நான் நம்ப மாட்டேன். இந்த மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது. அதற்குப் பலம் பற்றவில்லை.

பட்டாளத்தில் என்னோடு இருந்த நல்லகாமன் இப்போது மதுரையில் ஒரு மில்லில் லேத் ஓட்டுகிறான். அவன் ஒரு வழி சொன்னான். உன் அக்காளுக்கு நான் விளக்கியதையே உனக்கும் எழுதுகிறேன். எஞ்சினில் சிலிண்டர் என்பது உரல். பிஸ்டன் என்பது அதற்குள் ஏறி இறங்கும் உலக்கை. உரலை உள்ளே குடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பருமனான உலக்கையைப் போட்டால் பலம் கூடும். குடைவது அவன் பொறுப்பு. ஆனால் பெரிய பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் சிலிண்டரைத் தொடுவேன், பிஸ்டனை வைத்துத்தான் துளையைக் குடைய வேண்டும் என்கிறான். மதுரையில் கேட்காத கடை இல்லை. மவுண்ட் ரோட்டுக்குப் பின்பக்கம் மோட்டார் சாமான் கடைகள் இருக்கின்றனவாம். உன்னால் போய்க் கேட்க முடியுமா?

அளவு எழுதினால் குழப்பம் வரும் என்று பொருளாகவே அனுப்புகிறேன். உன் அக்காள் கையில் கிடப்பது இரண்டரை அங்குல வளையல். சிலிண்டரின் வாய் இப்போது அந்த அளவு. இந்தக் கடிதத்தோடு வரும் பித்தளை வளையல் இரண்டே முக்கால். அதற்குள் ஆடாமல் நுழைகிற பிஸ்டன் வேண்டும். கூட இருக்கும் வேப்பங்குச்சி, பிஸ்டனின் குறுக்கே இருக்கும் துளைக்கு. இரண்டும் பொருந்தினால் வாங்கு.

உன் அக்காள் பக்கத்திலிருந்து சொல்கிறாள்: "அவ கடைக்காரன்கிட்ட வாயத் தொறந்து பேசணுமே, அத மொதல்ல எழுதுங்க."

இப்படிக்கு
உக்கிரபாண்டி

*

மாணவியர் விடுதி,
சென்னை
24-11-1946

மச்சான் அவர்களுக்கு சீனியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

அக்காள் சொன்னது சரிதான். முதல் நாள் நான் கடைக்கு எதிரே இருந்த புளியமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். கடை முழுக்க ஆண்கள். ஒருவர் சட்டையில்லாமல் எண்ணெய்க் கையோடு ஒரு சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஆசிரியப் பயிற்சி வகுப்பில் நாற்பது பெண்கள் முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்டவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இரண்டாம் நாள் உள்ளே போனேன். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சொல்ல வேண்டியதை ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தும் ஒன்றும் வரவில்லை. கைப்பையிலிருந்து வளையலை எடுத்து மேசைமேல் வைத்தேன். கடைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வளையல் கடை அடுத்த தெருவுலம்மா" என்றார்.

"இதற்குள் நுழைகிற பிஸ்டன் வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பீடிக்காரர், "இன்னாம்மா, பிஸ்டனுக்கு வளைகாப்பா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் சிரித்தவர்களே எழுந்து தேடவும் தொடங்கினார்கள். யாருக்கு, எதற்கு என்று கேட்டார்கள். அக்காளைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பீடிக்காரர் ஏணி வைத்து ஏறி, தூசி படிந்த அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, பிஸ்டன்களை வளையலில் விட்டு விட்டுப் பார்த்தார். சில உள்ளேயே போகவில்லை, சில லொடலொடவென்று ஆடின. நான்காம் நாள் போனபோது வேறு கடையிலிருந்து அவரே ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வளையலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. குச்சியும் பொருந்தியது. பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்குகளோடு தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

பலம் எவ்வளவு கூடும் என்று நீங்கள் எழுதவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறுக்களவு கால் அங்குலம்தான் கூடுகிறது என்றாலும் பிஸ்டனின் முகப்பு ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகிறது. அன்று நான் இறங்கித் தள்ளியது ஐந்தில் ஒரு பங்காவது இருக்கும், இல்லையா?

கடையில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் இருந்தது. விற்க மாட்டேன், உட்கார்ந்து எழுதிக்கொள் என்று ஒரு முக்காலி கொடுத்தார்கள். சிலிண்டரைப் பெரிதாக்குவது பற்றிய பக்கங்களைத் தமிழில் எழுதி வருகிறேன். புரியாத இடங்களைப் பீடிக்காரரிடம் கேட்கிறேன். அவர் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அக்காளுக்கு வளையலைத் திருப்பி அனுப்பட்டுமா?

தங்கள்
சீனியம்மாள்

*

மேலப்பட்டி
15-12-1946

சீனியம்மாளுக்கு,

பிஸ்டன் வந்தது. ஊரே வந்து பார்த்தது. அத்தை அதை டம்ளர் என்று நினைத்துக் கழுவி வைத்துவிட்டார்கள்.

நல்லகாமன் ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு லேத்தில் சிலிண்டரைக் கட்டினான். பூப்போலக் குடைந்தான். ஒரு சுற்று சீவுவான், நிறுத்துவான், ஆறவிடுவான், பிஸ்டனை விட்டுப் பார்ப்பான். "சுவரு மெல்லிசாயிருச்சு மாப்ள, இதுக்கு மேல ஒரு மயிரளவு கூடக் கேக்காத" என்றான். கேட்கவில்லை. கடைசியாகக் கல் போட்டு உள்ளே மழமழவென்று இழைத்தான். முந்தாநாள் எல்லாவற்றையும் பூட்டினோம்.

உதைத்ததும் எஞ்சின் திருப்பி என் காலை உதைத்தது. அதிலிருந்தே பலம் தெரிந்துகொண்டேன். சத்தமே மாறிவிட்டது. முன்னே படபடவென்று கோழி மாதிரி அடித்துக்கொள்ளும். இப்போது நின்று நிதானமாகத் தும் தும் என்கிறது. உன் அக்காள் வாசலுக்கு வந்து, "இதுவா அது?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை குலசாமி கோயிலுக்குப் போகிறோம். புது வண்டி முதலில் அங்கேதான் போக வேண்டும் என்கிறார் மாமா. இது புது வண்டி இல்லையே என்றேன். "உசுரு புதுசுல்ல மாப்ள? சாமிக்குக் காட்டாத வண்டியில எம் மகள ஏத்த மாட்டேன்" என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். உனக்கு உன் அப்பாவைத் தெரியும். நான் மருமகன், அதற்கு மேல் பேச முடியவில்லை.

உன் அக்காள் நன்றாக இருக்கிறாள். பிள்ளை உதைக்கிறதாம். வண்டி மாதிரி உதைக்கிறது என்கிறாள். வளையலை நீயே போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

உக்கிரபாண்டி

*

சென்னை
16-12-1946

மச்சான் அவர்களுக்கு,

இது அவசரக் கடிதம். புத்தகத்தில் முக்கியமான பகுதியை நேற்றுதான் எழுதி முடித்தேன். குடைந்த சிலிண்டருக்குள் புதுப் பிஸ்டன் உடனே பழகாது. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இரண்டிலும் இருக்கும். அவை ஒன்றையொன்று தேய்த்துச் சமமாகும்வரை எஞ்சின் அதிகமாகச் சூடாகும். அதனால் முதல் ஐநூறு மைலுக்கு இருபது மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. ஏற்றத்தில் திணறவிடக் கூடாது. மிக முக்கியமாக, பாரம் ஏற்றக் கூடாது. மீறினால் பிஸ்டன் சூட்டில் பருத்துச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும் என்று போட்டிருக்கிறது.

பட்டாளத்தில் வண்டி ஓட்டிய உங்களுக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். ஆனால் நம் வீட்டில் ஒரு வண்டி வாசலில் நின்றால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எனக்கும் தெரியும்.

ஐநூறு மைலுக்கு வேண்டிய பெட்ரோல் இந்தக் கூப்பன் காலத்தில் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சீனியம்மாள்

*

மேலப்பட்டி
22-12-1946

சீனியம்மாளுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாங்கள் வியாழக்கிழமையே போய்விட்டோம்.

யார் யார் ஏறினோம் என்று எழுதிவிடுகிறேன். பெட்டியில் அத்தையும், அத்தையின் மடியில் பொங்கல் பானையும், காலடியில் ஆட்டுக்கிடாயும். எனக்குப் பின்னால் மாமா, கையில் அரிவாளோடு. உன் அக்காள் நல்லவேளையாக வரவில்லை. மாமாவுக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியில் பார்த்தவரிடமெல்லாம் கையை ஆட்டினார். "இன்னும் கொஞ்சம் முடுக்குங்க மாப்ள, அந்தா போறான் பாருங்க சுருளி, அவன் ஜட்காவத் தாண்டுவோம்" என்றார். எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். ஏற்றத்தில் மூன்று பேரையும் ஒரு கிடாயையும் இழுத்துக்கொண்டு ஏறியது, சீனி. திணறவே இல்லை.

ஏற்றம் முடிந்து பனங்காட்டுக்குள் போனபோது ஒரு கிறீச். பின்சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே போய் நின்றது. உதைத்தால் அசையவில்லை. எஞ்சினிலிருந்து புகை. மாமா, "வண்டி பத்திக்கிருச்சு!" என்று கத்தி, பொங்கல் பானைத் தண்ணீரை எடுத்து அதன் தலையில் ஊற்றப் போனார். காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். பானையை நான் பாய்ந்து பிடுங்கியதில் தண்ணீர் முழுக்க மாமாவின் மேல். கிடாய் இறங்கி ஓடிவிட்டது. அதைப் பிடிக்கவே வெகு நேரம் ஆனது.

மாடு பூட்டி இழுத்து வந்தோம். மோட்டார் சைக்கிளை மாடு இழுத்து வருவதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று எழுத வேண்டாம். நல்லகாமன் வந்து பிரித்துப் பார்த்தான். சிலிண்டருக்குள் கோடுகள் விழுந்திருக்கின்றன, ஆனால் ஆழமில்லை. பிஸ்டனின் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது. ஒரு ரிங் முறிந்துவிட்டது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, சும்மா உருட்டு உருட்டுன்னு" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனும் சொல்லியிருந்தான்தான்.

மாமா இரண்டு நாளாகத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. இன்று காலை அந்தக் கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தே கோயிலுக்குப் போய்விட்டார்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இந்தக் கடிதத்தை இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

உக்கிரபாண்டி

*

சென்னை
29-12-1946

மச்சான் அவர்களுக்கு,

முறிந்த ரிங்குக்குப் பதில் இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

இதற்கு முன் ஒரு கடிதம் எழுதினேன். அதைத் தபாலில் போடவில்லை. அதில், அக்காள் உயிரைவிட சுருளியின் ஜட்காவைத் தாண்டுவது பெரிதாகிவிட்டதா என்று எழுதியிருந்தேன். இப்போதும் அந்தக் கோபம் தீரவில்லை. ஆனால் வண்டியில் அப்பா கையை ஆட்டிக்கொண்டு போனார் என்பதைப் படிக்கும்போது அந்த முகம் எனக்குத் தெரிகிறது. அவர் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை.

கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பீடிக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். "கிடாயும் ஏறுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு படத்தைக் காட்டினார். சீமையில் தொழிற்சாலைகளில் புது எஞ்சின்களை வரிசையாக வைத்து, வேறொரு பெரிய எஞ்சினின் பெல்ட்டைப் போட்டுச் சுற்றவைக்கிறார்கள். புது எஞ்சினுக்குள் நெருப்பும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பிஸ்டன் வெறுமனே ஏறி இறங்கித் தேய்ந்து பழகுகிறது. இது முழுப் பழக்கம் ஆகாதாம். பாதிக் கிணறு தாண்டின மாதிரி. மீதியை ரோட்டில்தான் மெதுவாக ஓட்டித் தீர்க்க வேண்டும்.

நம் ஊரில் பெல்ட் ஓடுகிற இடம் ஒன்றுதான் இருக்கிறது. சின்னச்சாமி அவர்களின் அரைவை மில். அவரிடம் நீங்கள் கேட்பீர்களா? அப்பா கேட்டால் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நாள் குறைவாக இருக்கிறது, மச்சான்.

சீனியம்மாள்

*

மேலப்பட்டி
27-1-1947

சீனியம்மாளுக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். என்ன பேசினாரோ, மறுநாள் சின்னச்சாமியே ஆள் அனுப்பி வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

நல்லகாமன் பிஸ்டனை இழைத்து, நீ அனுப்பிய ரிங்கை மாட்டிய பின், பெட்டியைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி, பின் டயரை எடுத்துவிட்டு வெறும் ரிம்மில் பெல்ட்டைப் போட்டோம். ஊர் நெல் அரைகிற நேரமெல்லாம் நம் வண்டியும் சுற்றியது. பக்கத்தில் நின்று எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பேன். நெல் கொண்டுவந்த பெண்கள் விடவில்லை.

"என்னய்யா, இதுவும் அரிசி குத்துதா?"

"தவிடு எங்கிட்டு விழுது?"

"இருளாயி புருசன் வண்டிய ஓட்டச் சொன்னா, வண்டிய நிறுத்தி வச்சு ஓட்டுறாரு!"

மாமா தினமும் வந்து, மில் மூடும்வரை அந்தப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது ரொம்பச் சிரித்தால், "ஒங்க வீட்டுல புள்ளத்தாச்சி இல்லியா?" என்று ஒரு கேள்விதான். சத்தம் அடங்கிவிடும்.

மூன்று வாரம் சுற்றியது. பிறகு பிரித்துப் பார்த்தோம். சிலிண்டருக்குள் அந்தக் கோடுகள் மங்கி, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. நல்லகாமன் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "இப்பச் சரி" என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. சின்னச்சாமி தன் பெட்ரோல் கூப்பனையும் கொடுத்தார். இப்போது தினமும் ஆளில்லாமல் வெறும் பெட்டியோடு செக்கானூரணி போய் வருகிறேன். கணக்குப்படி இன்னும் முந்நூறு மைலுக்கு மேல் இருக்கிறது. அதற்குள் இவளுக்கு நாள் வந்துவிடும். பாரத்தோடுதான் போக வேண்டும். மெதுவாகப் போனால் தாங்கும் என்கிறான் நல்லகாமன். வேகம் கொடுத்தால் அன்றைக்கு நடந்ததுதான் மறுபடியும்.

உன் அக்காளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. பயப்படுகிறாள், ஆனால் சொல்ல மாட்டாள். நேற்று வெறும் பெட்டியில் ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, "தலமாட்டுல வைக்கோல் பத்தல" என்றாள்.

உக்கிரபாண்டி

*

கோரிப்பாளையம்,
பெரியாஸ்பத்திரி வாசல்
16-2-1947

சீனி,

தாயும் பிள்ளையும் நலம். பெண். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படி.

நேற்றுக் காலை வெயில் ஏறிய நேரத்தில் வலி கண்டது. எதிர்பார்த்ததற்குப் பத்து நாள் முன்னால். பெட்டியில் அவளைப் படுக்கவைத்து, பின்னால் அத்தையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் மாமா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "மெதுவாப் போங்க மாப்ள" என்றார். அன்றைக்கு முடுக்கச் சொன்ன அதே வாய்.

பட்டாளத்தில் குண்டு விழுகிற ரோட்டில் ஓட்டியிருக்கிறேன். அது இவ்வளவு கஷ்டமில்லை. கைக்குள் பலம் இருக்கிறது. கொஞ்சம் முறுக்கினால் பறந்துவிடும் என்று தெரிகிறது. முறுக்கக் கூடாது. பக்கத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள்.

"ஏய்யா, வெரசாப் போகக் கூடாதா?"

"போறேன் தாயி, போறேன்."

"எங்க போற? சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான்!"

நிஜமாகவே ஒரு சைக்கிள்காரர் எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஆள். "வண்டி நல்லாத்தானே இருக்கு அண்ணே, பின்ன ஏன் ஊர்வலம் போறீக?" என்று கேட்டார். பிறகு பெட்டிக்குள் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பாவம், முன்னால் மிதித்துப் போய் எதிரே வந்த வண்டிகளை எல்லாம் ஒதுங்கச் சொல்லிக்கொண்டே போனார்.

புதுக்கோட்டை ஏற்றம் வந்தது. நீ இறங்கித் தள்ளிய அதே இடம். அத்தை இறங்கத் தயாராகக் காலைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். "இறங்காதீங்க" என்றேன். சீனி, அது நிற்கவில்லை. வேகமும் கூடவில்லை, குறையவும் இல்லை. தும் தும் என்று அதே தாளத்தில் மூன்று பேரையும் மேலே கொண்டுபோய்விட்டது. உச்சியில் ஏறியதும் அத்தை அழத் தொடங்கினார்கள். எதற்கென்று கேட்டேன். "எம் மூத்த பேரப்புள்ள போனது இந்தப் பனைகிட்டத்தான்" என்றார்கள். உன் அக்காள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வெரசாப் போகச் சொல்லவே இல்லை.

வைகைப் பாலத்தில் வைக்கோல் வண்டிகள் நெருக்கி நின்றன. நின்றால் எஞ்சினுக்குக் காற்றுப் படாது, காய்ந்துவிடும். அணைத்துவிட்டு இறங்கித் தள்ளினேன். கோரிப்பாளையத்துக் கறிக்கடை பாய் ஒருவர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, "ஹட்ஜாவ், ஹட்ஜாவ்! புள்ளத்தாச்சிப்பா!" என்று வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் தோள் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். பெயர் கேட்பதற்குள் போய்விட்டார்.

உள்ளே கூட்டிப்போன பிறகு நான் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சூடு ஆறும் சத்தம் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அது முழுக்க ஆறுவதற்குள் நர்ஸம்மா வந்து கூப்பிட்டார்கள். கொடி சுற்றியிருந்ததாம். இன்னொரு மணி நேரம் பிந்தியிருந்தால் என்று ஏதோ சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டார்கள்.

பிள்ளைக்கு உன் நெற்றி.

உக்கிரபாண்டி

*

சென்னை
21-2-1947

மச்சான் அவர்களுக்கும் அக்காளுக்கும்,

கடிதத்தை வகுப்பில் பிரித்தேன். முதல் வரியைப் படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். ஆசிரியையிடம் அனுமதி கேட்கவில்லை. நான் இப்படிச் செய்வேன் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவரே பின்னால் வந்து என்ன என்று கேட்டார். அக்காளுக்குப் பெண் பிறந்திருக்கிறது என்றேன். அதற்கு ஏன் இப்படி அழுகிறாய் என்றார். முழுவதையும் சொன்னேன். நின்றுகொண்டே எவ்வளவு நேரம் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடைக்கும் போனேன். பீடிக்காரருக்கு மிட்டாய் வாங்கிப் போயிருந்தேன். இன்று அவர் பெயரைக் கேட்டுவிட்டேன். காசிம். கடையில் எல்லோருக்கும் மிட்டாயைப் பங்கிட்டுவிட்டு, "ரிங்கு இன்னொரு செட்டு எடுத்து வச்சிருக்கேன், வேணும்னா சொல்லு" என்றார்.

மச்சான், உங்களுக்கு நேரில் நன்றி சொல்ல என்னால் முடியாது. சொன்னால் நீங்கள் கேலி செய்வீர்கள், நான் உள்ளே ஓடிவிடுவேன். அதனால் எழுதிவிடுகிறேன். நான் பெரியவளானதும் பள்ளிக்கூடம் போதும் என்று அப்பா நிறுத்தினார். நீங்கள் அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மருமகன். மாமனார் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதவர். அன்றைக்கு மட்டும் சாப்பிடாமல் எழுந்துவிட்டீர்கள். "சீனி பள்ளிக்கூடம் போனாத்தான் இந்த வீட்டுச் சோறு" என்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அந்த ஒரு வேளைச் சோற்றை நீங்கள் தள்ளியிருக்காவிட்டால், ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் முக்காலி போட்டு உட்கார எனக்குத் தெரிந்திருக்காது. என் அக்காளுக்காக எதையும் செய்ய எனக்கு வழி இருந்திருக்காது.

குழந்தையை வெயிலில் தூக்கிப் போக வேண்டாம். அக்காளைக் கால் நீட்டி உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள்
சீனி

*

மேலப்பட்டி
12-3-1947

சீனிக்கு,

உன் கடிதத்தைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். கேலியும் செய்ய மாட்டேன். உன் அக்காளுக்குப் படித்துக் காட்டும்போது அந்தப் பத்தியை மட்டும் தாண்டிவிட்டேன். அவள் கண்டுபிடித்து மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார்கள். தினமும் சோறு கொண்டு போய் வந்ததில் ஐநூறு மைல் முடிந்துவிட்டது. எஞ்சின் பழகிவிட்டது.

முந்தாநாள் மத்தியானம் தெற்குத் தெருச் சங்கிலி வந்தான். நம் வயலில் வேலை பார்ப்பவன், உனக்குத் தெரியும். வாசலுக்கு வராமல் புளிய மரத்தடியிலேயே நின்றான். என்னவென்று போய்க் கேட்டேன். அவன் பெண்சாதி முருகம்மாளுக்குக் காலையிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். அவன் வண்டி கேட்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கமா நடந்தா கிட்டம் சாமி?" என்று வழி கேட்டான்.

நான் சாவியை எடுக்க உள்ளே வந்தேன். மாமா எழுந்து நின்றார். "மாப்ள, அது நம்ம புள்ள படுத்து வந்த பெட்டி. ஊருல நாலு பேரு நாலு பேசுவாக" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த உன் அக்காள் குரல் கொடுத்தாள்.

"அப்பா, ரெண்டப் பறிகுடுத்தவ நான். அவளும் குடுக்கணுமாக்கும்?"

மாமா உட்கார்ந்துவிட்டார்.

முருகம்மாளைப் பெட்டியில் படுக்கவைத்து, சங்கிலியைப் பின்னால் ஏற்றினேன். செக்கானூரணியைத் தாண்டியதும் முறுக்கினேன். சீனி, உன் ஐந்தில் ஒரு பங்கை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். புதுக்கோட்டை ஏற்றம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சங்கிலி என் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. இருவரும் பிழைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் உன் அக்காள் கேட்டாள்.

"எம்புட்டு நேரத்துல போனீக?"

"முக்கா மணிதான்."

"ஓகோ. ஊரான் பொண்டாட்டிக்கு முக்கா மணி. என்னைய மட்டும் ஊர்வலம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சங்கிலி வந்து மரத்தடியில் நிற்கிறான். அடுத்த வாரம் முருகம்மாளை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், அதைச் சொல்ல வந்திருக்கிறான். வண்டி என்று வாயெடுக்க அவனுக்குத் தயக்கம். நான் பேனாவைக் கீழே வைத்தேன். அதற்குள் மாமா எழுந்து, படியிறங்கி, அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் சொல்வது இங்கே எனக்கு நன்றாகக் கேட்கிறது.

"வெயிலுக்கு முன்னாடி மாப்ள வந்து கூட்டியாருவாரு. பச்சப்புள்ளக்காரி, பெட்டியில வைக்கோலு கூட வேணும். நம்ம படப்புல போயி உருவிக்கிட்டு வா."

உக்கிரபாண்டி